கதவை மாட்டாமல் வெல்டிங் வைக்காதே: ஒரு 69 கமாரோவின் தகடுகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்த கதை

என் ஷெவ்ரோலே கமாரோ காரின் இடப்பக்கக் குவார்ட்டர் பேனலை (கதவுக்குப் பின்னால், பின் சக்கரத்தைச் சுற்றியுள்ள வெளித்தகடு) நான் இரண்டு முறை வெல்டிங் வைத்திருக்கிறேன். முதல் முறை வைத்து முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பொட்டுப் பொட்டாக அளந்து வைத்த வெல்டிங், அரைத்த தடம் தெரியாத விளிம்பு. மறுநாள் கதவைத் தூக்கிக் கீலில் மாட்டிச் சாத்தினேன். கதவுக்கும் குவார்ட்டருக்கும் நடுவில் மேலே 2 மில்லிமீட்டர், கீழே 8. கதவைச் சாய்த்து அதைச் சரிசெய்தால் அடியில் ராக்கரோடு (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பகுதி) கோணிக்கொண்டது. அடியைச் சரிசெய்தால் மறுபடி பின்னால் ஆப்பு மாதிரி இடைவெளி.

ஊருக்குப் போன் போட்டேன். அப்பா திருச்சி பாலக்கரையில் முப்பது வருடம் டிங்கர். அம்பாசிடரும் பியட்டும் தட்டிய கை.

"கதவ மாட்டிப் பாத்தியா?"

"இல்லப்பா, குவார்ட்டர முடிச்சிட்டு மாட்டலாம்னு..."

"அப்ப எதப் பாத்துடா வெல்டிங் வச்ச?"

வைத்த புள்ளிகளை எல்லாம் டிரில் போட்டு எடுக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. பழைய அமெரிக்க மஸில் கார் ஒன்றை வாங்கிக் கொட்டகையில் போட்டிருப்பவர்களுக்கு அந்த மூன்று ஞாயிறு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டி 1969 கமாரோ, 350 கன அங்குல எஞ்சின். (கமாரோவும் மஸ்டாங்கும் 'போனி கார்' எனும் குதிரைக்குட்டி ரகம், மஸில் கார் இல்லை என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. வரட்டும்.) ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரம் சுற்றிவளைத்துக் கிடக்கும் நார்வுட் ஊரின் ஆலையில் பிறந்தது. வின் எண்ணின் (வண்டியின் அடையாள எண்) ஏழாம் இடத்தில் 'என்' எழுத்து இருந்தால் நார்வுட். கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலையில் செய்தவற்றுக்கு 'எல்'. இரண்டு ஆலையும் சேர்ந்து 69 மாடலில் சுமார் 2,43,000 வண்டிகளை இறக்கின. நார்வுட் ஆலை 1987-ல் மூடப்பட்டது. நான் குடியிருப்பது அங்கிருந்து இருபது நிமிடம். இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். ஐம்பது வருட உப்பு தகட்டை என்ன செய்யும் என்பதை என் வண்டியின் ராக்கரில் விரலை விட்டே காட்டலாம்.

ஆலையில் இதைக் கட்டிய முறை தெரிந்திருப்பது பழுதுபார்க்கும்போது உதவும். முன்கண்ணாடிக்குக் கீழே குறுக்காக ஓடும் பகுதிக்குக் கவுல் என்று பெயர். அதற்குப் பின்னால் உள்ள கூடு முழுவதும், தளம், கூரை, கதவு, குவார்ட்டர், டிக்கி என எல்லாம், ஜெனரல் மோட்டார்ஸின் கூடு கட்டும் பிரிவான ஃபிஷர் பாடி ஆட்கள் செய்தது. அந்தக் கூடு பக்கத்திலேயே ஷெவ்ரோலே ஆட்களிடம் போகும். அவர்கள் ஃபெண்டர், பானட், மூக்குத் தகடுகளை மாட்டுவார்கள். (அப்பா மொழியில் ஃபெண்டர் என்றால் மட்கார்டு. இங்கே பானட்டை ஹுட் என்பார்கள். எனக்கு இன்னும் நாக்கு திரும்பவில்லை.) அதாவது பின்னால் இருப்பது வெல்டிங்கில் நின்றது, முன்னால் இருப்பது போல்ட்டில் நிற்பது. நாமும் அதே வரிசையில்தான் போகவேண்டும். குவார்ட்டரும் ராக்கரும் நகராது. அவற்றுக்கு ஏற்பக் கதவு. கதவுக்கு ஏற்ப ஃபெண்டர். இரண்டு ஃபெண்டருக்கும் ஏற்பப் பானட். கடைசியில் மூக்கும் பம்பரும். குவார்ட்டரையே மாற்றும்போது மட்டும் இந்த வரிசையின் முதல் கண்ணி கையில் ஆடுகிறது. நான் விழுந்தது அந்த இடத்தில்தான்.

வண்டி எதன்மேல் நிற்கிறது

முதல் தலைமுறைக் கமாரோவில் பின்பாதி யூனிபாடி, அதாவது தனிச் சட்டம் இல்லாமல் கூடே தன்னைத் தாங்குவது. முன்பாதிக்குத் தனியாக ஒரு சப்ஃப்ரேம் (அடிச்சட்டம்), ரப்பர் மவுண்ட் வைத்துக் கூட்டோடு போல்ட் போட்டது. அந்த ரப்பர் நசுங்கிக் கிடந்தால் ஒரு தகடும் ஒழுங்காக உட்காராது. முதல் வேலை, மவுண்ட்டுகளை மாற்றுவது. கேப் (தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி) எல்லாம் பார்த்து முடித்தபின் மவுண்ட் மாற்றினால் முன்பக்கம் முழுக்க இடம் பெயரும்.

மவுண்ட் போட்டதும் சப்ஃப்ரேமை நேராக்குங்கள். கவுலுக்கு அடியில் உள்ள மவுண்ட்டின் பக்கத்திலேயே சப்ஃப்ரேமிலும் கூட்டிலும் நேருக்கு நேர் ஒரு துளை இருக்கும். இரண்டு பக்கமும் உண்டு. 5/8 அங்குலத் தடி ஒன்று இரண்டு துளையிலும் தடையில்லாமல் இறங்கினால் சப்ஃப்ரேம் தன் இடத்தில் இருக்கிறது. அதன்பிறகு மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் 3 மில்லிக்குள் ஒத்துப்போனால் போல்ட்டை இறுக்கலாம். பெரிதாக வித்தியாசம் வந்தால் பழைய விபத்து ஏதோ ஒளிந்திருக்கிறது. அதற்குச் சட்டத்தை இழுத்து நிமிர்த்தும் பட்டறைக்குத்தான் போகவேண்டும். ஃபெண்டருக்கு அடியில் வாசர் அடுக்கி அதை மறைக்க முடியாது.

வண்டி சக்கரத்தில் நிற்கட்டும். வேலை செய்ய உயரம் வேண்டும் என்றால் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை அடுக்குங்கள். ராக்கருக்கு நடுவில் ஜாக்கி கொடுத்து நிறுத்திய வண்டியில் பார்க்கும் கேப் பொய். முன்பக்கத்தில் எஞ்சினின் எடையும் இருக்கவேண்டும். என் எஞ்சின் அப்போது கழற்றி வேறு இடத்தில் கிடந்ததால், ஒரு செத்த வி8-ஐக் குறைந்த விலைக்கு வாங்கி உட்காரவைத்தேன். இரும்பு வி8 என்றால் 250 கிலோவுக்கு மேல். ஏற்றியதும் ஃபெண்டரின் பின் விளிம்பு கதவை நோக்கி நகர்ந்ததைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷெவெல், ஜிடிஓ போன்ற வண்டிகளில் முழு ஃப்ரேம் உண்டு. அங்கே மவுண்ட்டுக்கு மேல் ஷிம் (உயரம் கூட்டும் மெல்லிய தகட்டுத்துண்டு) வைத்தே கதவின் கேப்பைக் கொஞ்சம் மாற்றலாம். மஸ்டாங்கில் முன்பக்க உள்தகடும் வெல்டிங்கில் நிற்பது என்பதால் அது வளைந்திருந்தால் ஃபெண்டர் போல்ட்டால் ஒன்றும் ஆகாது. கூரை மடங்கும் வண்டியாக இருந்து, கதவின் பின் கேப் மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் கூடு நடுவில் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். எந்த வண்டியானாலும், ராக்கரையோ குவார்ட்டரையோ வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குள் குறுக்குக் கம்பி வெல்டிங் வைத்துவிடுங்கள். கதவை மாட்டும்போது இடிக்காத மாதிரி உள்வாங்கி வையுங்கள்.

கதவு

கதவைத் திறந்து அதன் வால்பக்கத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். கீலில் லொடலொடவென ஆட்டம் இருந்தால் கீலின் அச்சுக்கம்பியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. புஷ் பித்தளை நிறத்தில் சின்னதாக இருக்கும், விலையும் அதிகமில்லை. அதை மாற்றாமல் கேப் பார்ப்பது காலுடைந்த நாற்காலியில் உட்கார்ந்து கோலம் போடுவது மாதிரி.

பிறகு ஸ்ட்ரைக்கரைக் கழற்றி வையுங்கள். கதவு வாசலின் பின் தூணில் நிற்கும் அந்தக் குமிழ், சாத்தும்போது கதவைத் தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கும். கதவு தானாக எங்கே நிற்கிறது என்பது அது இல்லாதபோதுதான் தெரியும். கதவைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் வெதர்ஸ்ட்ரிப் ரப்பரும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் கண்ணாடியும் அதை ஏற்றி இறக்கும் சாதனமும் கதவுக்குள் இருக்கட்டும். வெறும் கூட்டுக் கதவில் கேப் பார்த்தால், கண்ணாடி ஏறியதும் வால்பக்கம் இறங்கும்.

கமாரோவில் முன் தூண்பக்கத்துக் கீல் போல்ட்டைத் தளர்த்தினால் கதவு முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகரும். கதவுப்பக்கத்து போல்ட்டில் உள்ளே வெளியே. தளர்த்துவதற்கு முன் கீலைச் சுற்றிக் கூரான ஊசியால் கீறிவிடுங்கள், வந்த வழி தெரியும். இரண்டு கீலையும் ஒரேநேரத்தில் தளர்த்தாதீர்கள். மேல் கீலை மட்டும் தளர்த்தி அதை ஒரு மில்லி முன்னால் தள்ளினால் வால்பக்கம் மேலே ஏறும். அந்த ஒரு அசைவு பழகிவிட்டால் பாதிக் கதவு வேலை முடிந்தது. கதவுக்கு அடியில் ஜாக்கியும் மரக்கட்டையும், மேலே பழைய துணி. தனியாகச் செய்யமுடியும். ஆனால் முதுகு கேட்காது.

அளக்க நான் வைத்திருப்பது டிரில் பிட். 3/16 அங்குலப் பிட்டின் தண்டு 4.76 மில்லி. வெறும் தகட்டில் என் இலக்கு அதுதான். பெயிண்ட் ஏறும்போது ஒவ்வொரு விளிம்பும் ப்ரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்த்து 0.2 மில்லி வரை தடிக்கும். இரண்டு விளிம்புக்கும் 0.4. பெயிண்ட்டுக்குப் பின் நாலேகாலுக்குக் குறையாமல் நிற்கும், கண்ணுக்கு அழகு. வெறும் தகட்டிலேயே 3 மில்லிக்கு நெருக்கி, பெயிண்ட் ஆனபின் கதவு ஃபெண்டரைக் கடித்துப் பெயிண்ட் உதிர்ந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் குவார்ட்டரோடு பின் கேப்பையும் ராக்கரோடு அடிக் கேப்பையும் மட்டும் பாருங்கள். முன்பக்கத்தை மறந்துவிடுங்கள், அங்கே ஃபெண்டரே இல்லை. கேப் கிடைத்ததும் உள்ளே வெளியே. கதவின் கீழ்ப்பகுதி மட்டம், மேல்பகுதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கதவே முறுகியிருக்கிறது. கீழ் மூலையில் கதவுக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு மரத்துண்டைக் கொடுத்து, மேல் மூலையில் முழங்காலை வைத்து உள்ளே அமுக்குவார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு கிழவர், நார்வுட் ஆலையில் கதவுப்பக்கம் நின்றவர், என் மைக்ரோமீட்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டு இதைச் செய்துகாட்டினார். எனக்கு நெஞ்சு பதறியது. கதவு சொன்னபடி கேட்டது.

ரப்பரைக் கடைசியில் வைத்துப் பாருங்கள். புது ரப்பர் கல்லாக இருக்கும், கதவை 2, 3 மில்லி வெளியே தள்ளும். அதைப் பார்த்து மிரண்டு கீலை மாற்றவேண்டாம். கதவைச் சாத்தியபடி சில வாரம் விடுங்கள், படியும். அப்போதும் படியாவிட்டால் வேறு கடை ரப்பர் வாங்குங்கள்.

குவார்ட்டர்

இப்போது என் தவறுக்கு வருகிறேன். பழைய குவார்ட்டரை வெட்டுவதற்கு முன்னாலேயே கதவை மாட்டி, கேப்பை ஆறு ஏழு இடத்தில் அளந்து, மாஸ்கிங் டேப்பில் அந்தந்த இடத்திலேயே எழுதி ஒட்டியிருக்கவேண்டும். துருப்பிடித்த குவார்ட்டராக இருந்தாலும் அதன் மேல் விளிம்பும் கதவுப்பக்க விளிம்பும் ஆலை வைத்த இடத்தில்தான் இருக்கின்றன. அந்தச் சாட்சியை நான் கட்டிங் வீலால் அறுத்துத் தெருவோரம் வைத்துவிட்டேன்.

புதுக் குவார்ட்டர் வந்ததும் வெல்டிங் மெஷினைப் பூட்டி வையுங்கள். தகட்டைக் கிளெக்கோ (துளையில் செருகும் தற்காலிகப் பிடி), கவ்வி, திருகு எதையாவது வைத்துத் தொங்கவிடுங்கள். கதவு மாட்டுங்கள். டிக்கி மூடி மாட்டுங்கள். பின் விளக்குத் தகடு, பம்பர்கூட வைத்துப் பாருங்கள். கதவோடு பொருந்தும் குவார்ட்டர் டிக்கியோடு பொருந்தாமல் போகும். நாலு காலும் தரையில் படாத கட்டில் மாதிரி, ஒன்றை அமுக்கினால் இன்னொன்று தூக்கும். நான் இரண்டாம் முறை அப்படித் தொங்கவிட்டுப் பதினொரு நாள் வைத்திருந்தேன். தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை.

கூரையும் குவார்ட்டரும் சேரும் இடத்தில் ஆலை ஈயம் ஊற்றி மூடியிருக்கும். அதைக் கிரைண்டரால் அரைக்காதீர்கள், ஈயத்தூள் நுரையீரலுக்குப் போகும். மெதுவாகச் சூடு காட்டிக் கம்பி பிரஷ்ஷால் வழித்தெடுங்கள். பாடி வேலைக்கான ஈயம் 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும், சிவக்கச் சிவக்கக் காய்ச்சத் தேவையில்லை. முகமூடி கட்டாயம்.

வெல்டிங் வைக்கும்போது 0.6 மில்லி கம்பி, ஆர்கான் 75, கார்பன் டை ஆக்சைடு 25 கலவை. ஒரு பொட்டு வைத்தால் அடுத்ததை ஒரு சாண் தள்ளி வையுங்கள். கை வைத்துத் தாங்குகிற சூட்டுக்கு ஆறும்வரை அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். வெல்டிங் ஆறும்போது தகடு சுருங்கும், சுருங்கினால் சுற்றிலும் அலை எழும். அதனால் ஒவ்வொரு பொட்டையும் அரைத்தபின், அடியில் டாலி (கையில் பிடிக்கும் இரும்புக்கட்டி) பிடித்து மேலே சுத்தியலால் லேசாகத் தட்டி, சுருங்கியதைத் திரும்ப நீட்டிவிடவேண்டும். நாலைந்து பொட்டுக்கு ஒருமுறை கதவைச் சாத்தி கேப் பாருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும்.

ஃபெண்டரும் அந்தக் கோடும்

69 கமாரோவைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது சக்கர வளைவிலிருந்து பின்னோக்கிச் சீவிவிட்ட மாதிரி ஓடும் மடிப்புக்கோடு. முன் சக்கரத்துக்கு மேலே புறப்பட்டு ஃபெண்டரைத் தாண்டிக் கதவுக்குள் போய் மறையும். பின் சக்கரத்துக்கு மேலேயும் அதேபோல் ஒன்று. 67, 68-ல் இது இல்லை. இந்தக் கோடு ஃபெண்டரிலிருந்து கதவுக்குத் தாவும் இடத்தில் ஒரு மில்லி பிசகினாலும் பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தெரியும். கேப் அரை மில்லி கூடக்குறைய இருப்பது குனிந்து பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் என் கணக்கில் கோடுதான் முதலில், கேப் அதற்குப் பிறகு. இதை ஒத்துக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வண்டியில் கேப் கத்தி மாதிரி இருக்கும், கோடு படிக்கட்டு ஏறும்.

ஃபெண்டரை ஏற்றி எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் முடுக்குங்கள். முதலில் கவுலின் மேல் உள்ள போல்ட், அது மேல் கேப்பையும் உயரத்தையும் பிடித்துவைக்கும். அடுத்தது கதவைத் திறந்தால் தூணோரம் தெரிவது. அதற்கடுத்து ராக்கர் அருகே அடிப்பகுதி. அங்கே ஷிம் வைத்தால் ஃபெண்டரின் கீழ்வால் வெளியே வரும், எடுத்தால் உள்ளே போகும். உள் சக்கரத்தகட்டு போல்ட்டுகள் கடைசியில்தான். அவற்றை முன்னாடியே இறுக்கினால் ஃபெண்டரை வேண்டாத பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பலர் கோட்டைவிடும் இடம் ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டம். இரண்டு ஃபெண்டரின் மூக்கும் அதில்தான் தொங்குகிறது. அதன் மவுண்ட்டுக்கு அடியில் ஒரு ஷிம் வைத்தால் ஃபெண்டரின் முன்பக்கம் ஏறும். முன்பக்கம் ஏறினால் பின் விளிம்பின் மேல்முனை கதவை நோக்கிச் சாயும், மேல் கேப் நெருங்கும், கீழ் கேப் அகலும். எடுத்தால் நேர்மாறு. மேலே 6, கீழே 4 என்று நின்ற என் வலப்பக்கம், சட்டத்துக்கு அடியில் ஒரே ஒரு ஷிம்மில் சரியானது. அதற்குமுன் இரண்டு நாள் ஃபெண்டரின் துளைகளைப் பெரிதாக்கலாமா என்று அரத்தோடு அலைந்துகொண்டிருந்தேன்.

இடப்பக்கம் அப்படி எளிதில் விடவில்லை. அந்த ஃபெண்டர் இன்று புதிதாக அச்சடித்து விற்கும் நகல். கதவு ஆலைக் கதவு. கேப் சரியாக வந்ததும் பார்த்தால் ஃபெண்டரின் கோடு கதவின் கோட்டைவிட 3 மில்லி மேலே. நகலில் மடிப்பும் மழுங்கல். கதவை ஒரு மில்லி ஏற்றினேன், ராக்கர் கேப் தாங்கியது. ஃபெண்டரை ஒரு மில்லி இறக்கினேன், அதற்குமேல் கவுலோடு மட்டம் கெடும். மிச்சம் ஒரு மில்லி. அதைத் தட்டித்தான் எடுத்தேன். பழைய ஃபெண்டர் நெளிந்து கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். என் வலப்பக்கத்தில் இருப்பது துருப்பிடித்த அடிப்பாகம் மட்டும் ஒட்டுப்போட்ட பழைய ஃபெண்டர். அரைநாளில் உட்கார்ந்தது.

தட்டுவது

சுத்தியலைத் தொடுவதற்கு முன் கையைப் பழக்குங்கள். மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, அல்லது உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவில் பழைய வேட்டித்துணி வைத்து, விரல்நுனி இல்லாமல் முழு உள்ளங்கையால் நீளவாக்கில் தடவுங்கள். துணி இருந்தால் கை வழுக்கும், மேடுபள்ளம் தனியாகத் தெரியும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். சின்ன வயதில் அவர் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறேன்.

டாலி என்பது அடியில் பிடிக்கும் இரும்புக்கட்டி. சுத்தியல் நேராக டாலிக்கு மேலே விழுந்தால் நடுவில் மாட்டிய தகடு மெலிந்து பரப்பு பெருகும். டாலியைப் பள்ளத்துக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள மேட்டில் தட்டினால் மேடு இறங்கும், பள்ளம் ஏறும், தகடு நீளாது. நெளிவெடுப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைதான். புதிதாகக் கற்பவர்கள் முதல் வகையிலேயே டங் டங் என்று போட்டு, தகடு நீண்டு, அமுக்கினால் டப்பா மூடி மாதிரி டொக் டொக் என்று உள்ளே வெளியே போகும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். நான் கொண்டுவந்திருக்கிறேன்.

அடிபட்ட வரிசையைத் தலைகீழாகத் திருப்புங்கள். நடுப்பள்ளம்தான் முதலில் விழுந்தது, சுற்றியுள்ள வரப்பு கடைசியில் எழும்பியது. வரப்பைத் தணித்தால் பள்ளம் பாதி தானே எழும். நேரே நடுப்பள்ளத்தில் அடித்து ஏற்றப் போனால் வரப்பு அப்படியே பூட்டிக்கொள்ளும்.

நீண்டுபோன தகட்டைச் சுருக்க, மேட்டின் உச்சியில் ஒரு சின்னக் காசளவு இடத்தை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, சுற்றிலும் இரண்டு மூன்று தட்டு தட்டி, ஈரத்துணியால் ஒற்றுங்கள். காய்ந்த புள்ளி விரிய இடமின்றித் தடித்து, ஆறும்போது சுற்றியதை உள்ளே இழுக்கும். ஒன்று வைத்துவிட்டுத் தடவிப் பாருங்கள். ஆசையில் நாலைந்து வைத்தால் தகடு மறுபக்கம் இழுத்துக்கொள்ளும். கிரைண்டரில் மாட்டும் சுருக்கும் டிஸ்க் ஒன்று உண்டு. உரசும் சூட்டில் மேடுகளை மட்டும் காய்ச்சும். பெரிய அகலமான கதவுத்தோலுக்கு எனக்கு அதுதான் பிடித்தது.

அந்த மழுங்கிய கோட்டுக்கு, நேரான விளிம்புள்ள டாலியை மடிப்பின் உட்புறத்தில் அழுத்திப் பிடித்து, வெளியே கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு விரல் தள்ளி, மெதுவாகத் தட்டிக்கொண்டு போனேன். மில்லி மில்லியாக மடிப்பு கூர்மையாகும். மேலே குறைவாகவும் கீழே கூடுதலாகவும் டாலியை நிறுத்தியதில் கோடும் கொஞ்சம் இறங்கியது. வழிகாட்டக் கதவிலிருந்து ஃபெண்டர் வரை மெல்லிய நீல டேப் ஒன்றை இழுத்து ஒட்டியிருந்தேன். பாடி அரத்தை மேலே ஓடவிட்டால் மேடு பளபளக்கும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். மூன்று மாலை பிடித்தது.

கேப்பை விளிம்பில் சரிசெய்யவேண்டி வந்தால் கதவின் விளிம்பு எப்படிச் செய்தது என்று பாருங்கள். வெளித்தோல் உள்சட்டத்தைச் சுற்றி மடிந்திருக்கும், மொத்தம் மூன்று அடுக்கு. கேப் அகலமாக இருந்தால் விளிம்பு நெடுக 1.6 மில்லி கம்பியை டிக் (TIG) வெல்டிங்கில் ஒட்டி அரத்தால் சீவலாம். கேப் அரை மில்லி நெருக்கம் என்றால் டாலி வைத்து மடிப்பை உள்ளே தட்டிப் பாருங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால்தான் அரைப்பது. அரைத்தால் மடிப்பு திறந்துவிடும், அதை மறுபடி வெல்டிங் வைத்து மூடவேண்டும். மூடாமல் பெயிண்ட் அடித்த கதவு இரண்டாவது குளிர்காலத்தில் விளிம்போடு வாயைத் திறக்கும்.

பானட்

சுருக்கமாகச் சொல்லலாம். பின் உயரம் கீலில், முன் உயரம் முன்சட்டத்தில் நிற்கும் ரப்பர் குமிழ்களில், முன்பின் கீல் துவாரங்களில். ஆபத்து ஒன்றே ஒன்று. துருப்பிடித்து இறுகிய கீலும் புது ஸ்பிரிங்கும் சேர்ந்தால், மூடும்போது பானட் கீலுக்கு முன்னால் மடங்கிவிடும். நகல் பானட் சீக்கிரமே மடங்கும். கீலுக்கு எண்ணெய் விட்டு, கேப் முடியும்வரை ஸ்பிரிங் இல்லாமல் ஒரு குச்சியில் நிறுத்திவையுங்கள். முதல்முறை மூடுவதற்கு முன் கவுல் விளிம்பிலும் ஃபெண்டர் விளிம்பிலும் மூன்று அடுக்கு டேப் ஒட்டுங்கள். திறக்கும்போது பானட்டின் பின் விளிம்பு கீழே இறங்கிக் கவுலைத் தேய்க்கிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும்.

பட்டி

நம் ஊரில் "பட்டி டிங்கரிங்" என்றாலே மூடி மறைப்பது என்று ஆகிவிட்டது. பட்டி தப்பில்லை, தடிமன்தான் தப்பு. தகட்டுக்கு எபாக்ஸி ப்ரைமர் கொடுத்து, அதன்மேல் பட்டி. எந்த இடத்திலும் 3 மில்லியைத் தாண்டவேண்டாம். தாண்டுகிறது என்றால் டாலியை மறுபடி எடுங்கள்.

தேய்க்கும்போது எல்லாத் தகடும் வண்டியிலேயே மாட்டியிருக்கவேண்டும். கழற்றி மேஜையில் வைத்துத் தேய்த்த கதவு, மாட்டியதும் வேறு வளைவு காட்டும். ஒரு முழ நீளக் கட்டையில் 80 நம்பர் உப்புத்தாள், கதவையும் ஃபெண்டரையும் ஒரே தகடாக நினைத்துக் கேப்பைத் தாண்டிக் குறுக்குமறுக்காக இழுங்கள். கறுப்புப் பொடி தூவித் தேய்த்தால் பொடி மிஞ்சும் இடம் பள்ளம். பிறகு 180, ப்ரைமர், 320. குறுக்குவழி இல்லை. நல்ல வானொலி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பொருந்தி, பெயிண்ட்டுக்குக் கழற்றுவதற்கு முன், ஒவ்வொரு கீலிலும் தூணோடு சேர்த்து 3 மில்லித் துளை இரண்டு போடுங்கள். பானட் கீலிலும், ஃபெண்டரின் மேல் போல்ட்டுகளுக்கு அருகிலும் அப்படியே. ஷிம்களை அந்தந்த இடத்தின் பெயர் எழுதிய தனித்தனிப் பையில் போடுங்கள். பெயிண்ட் முடிந்து மாட்டும்போது துளையில் அதே டிரில் பிட்டைச் செருகி, பிறகு போல்ட்டை முடுக்கினால் கதவு பழைய இடத்திலேயே வந்து நிற்கும். விளிம்புகளுக்கு இரண்டு அடுக்கு டேப், தூக்க இன்னொரு ஆள், கையில் மோதிரம் வேண்டாம்.

அந்தத் துளைகளைப் பிறகு அடைக்காதீர்கள், உள்ளே ப்ரைமர் மட்டும் தொட்டு வையுங்கள். என் இடப்பக்கக் கதவை ஏற்கனவே ஒருமுறை மறுபடி கழற்றியாகிவிட்டது. புது புஷ் ஒன்று நாலே மாதத்தில் ஆட்டம் கண்டது. பிட்டைச் செருகி மாட்டிச் சாத்த இருபது நிமிடம்.